ஏழாம் நம்பர்ச் சில்லுச் சப்பாத்து

குச்சவெளியிலிருந்து இடம்பெயர்ந்த எங்களைத் துறைமுகத்துக்கு அருகே ஒரு மண்டபத்தில் தங்கவைத்தார்கள். சில்லுச் சப்பாத்துப் போட்டுச் சறுக்கும் ஸ்கேட்டிங் மண்டபம். சண்டை தொடங்கியதும் மூடிவிட்டார்களாம்.

காவலாளிக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. பலகைத் தளம் கீறுப்படும் என்று மூட்டைகளை இழுக்க விடமாட்டார், தூக்கத்தான் வேண்டும். வெள்ளிதோறும் அலுமாரியைத் திறந்து சப்பாத்துச் சில்லுகளுக்கு எண்ணெய் போடுவார். எனக்கு எரிச்சலாக வரும்.

ஊர் திரும்பும் நாளில் என் பாதத்தைப் பார்த்தார்.

"ஏழாம் நம்பரோ, தங்கச்சி?"

"ஓம். ஏன்?"

"ஒரு சோடி எடுத்து வைக்கிறன். திறக்கேக்க வாங்கோ."

"நாற்பது வயசு, அண்ணை. எனக்குச் சறுக்க ஏலாது."

"சுவரோட கம்பி இருக்கு. பிடிச்சுக்கொண்டு வாங்கோ."

சப்பாத்தின் அடியில் வெண்கட்டியால் என் பெயரை எழுதினார்.

ஊரில் வீடு மிஞ்சியிருக்குமோ தெரியாது. இங்கே என் பெயரில் ஒரு சோடிச் சப்பாத்து இருந்தது.