அத்தை கேட்டுச் சொன்ன இரைச்சல்

எங்கள் கார் ரேடியோ பாடியதைவிட இரைந்ததுதான் அதிகம். அறுபதுகளின் கடைசியில் கிருஷ்ணகிரியில் காருக்குள் ரேடியோ வைத்திருந்தவர்கள் நாலைந்து பேர்தான் என்பதால், அப்பாவுக்கு அது மானப் பிரச்சினை. ஓசூரிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். கன்னடக்காரர். மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பும்போது வாசல் புளியமரத்தடியில் நிற்பார்.

பானெட்டுக்குள் தலையை விட்டால் அவருக்கு ரேடியோ கேட்காது. உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்து, இரைச்சலைக் கேட்டுச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். கோயில் பாடற்குழுவில் பாடுகிற அத்தைக்குக் காது கூர்மை என்று அப்பாவே அவளை உட்கார வைத்தார். முப்பது வயதாகியும் அத்தைக்கு வரன் அமைந்திருக்கவில்லை.

“சொல்ப... கொஞ்சம் மிதிங்க. கூடுதா?”

“கூடுதுங்க.”

“விடுங்க. இப்போ?”

“மெதுவா அடங்குதுங்க.”

எஞ்சினோடு ஏறி எஞ்சினோடு இறங்கினால் கோளாறு டைனமோவில் என்றார். அதன்மேல் இரைச்சலை அடக்கும் ஒரு கண்டன்சரை வைத்துத் திருகினார். இரைச்சல் போனது. அடுத்த ஞாயிறு மறுபடி வந்தது. “திருகு லூசாயிடுச்சு” என்று சிரித்துக்கொண்டே முறுக்கினார். இப்படியே ஏழெட்டு வாரம். நான் பின்சீட்டில் படுத்திருப்பேன். இலைகளுக்கிடையே வெயில் அசையும். ஏறி இறங்கும் அந்த ஓசையும் இரண்டு குரல்களும் என்னைத் தாலாட்டும். அவ்வளவு சந்தோஷமாக நான் பிறகு தூங்கியதே இல்லை.

அதைக் கெடுத்தவள் நானேதான். சனிக்கிழமைகளில் அத்தை தையல் மெஷின் திருப்புளியோடு கார் கொட்டகைக்குப் போவாள். கேட்டால், “தூசி தட்டப் போறேன்டி” என்பாள். ஒரு சனிக்கிழமை மாலை, அப்பா ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்கப் போன நேரம், திறந்திருந்த பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். கண்டன்சர் திருகு கழன்று தொங்கியது. ஓடிப்போய் அதே திருப்புளியை எடுத்துவந்து, காதும் காதும் வைத்தாற்போல் இறுக முறுக்கிவிட்டேன்.

மறுநாள் ரேடியோ பளிங்காய்ப் பாடியது. “நான்தான் முறுக்கினேன்!” என்று கத்தினேன். மெக்கானிக் நிமிர்ந்து, கண்ணாடி வழியே அத்தையைப் பார்த்தார்.

“எதுனா கேக்குதா?”

அத்தை வெகுநேரம் மிதித்துக்கொண்டே இருந்தாள். “ஒண்ணும் கேக்கலீங்க.”

“அப்பாடா, இனிமே உங்களுக்கு அலைச்சல் இல்ல” என்று அப்பா அவரை பஸ் ஏற்றிவிடப் போனார்.

என்னை யாரும் கெட்டிக்காரி என்று சொல்லவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தை என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, என்னைவிட அதிகமாக அழுதாள். இந்த வீட்டில் என் வருத்தம் புரிந்தவள் அத்தை ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டேன்.