பன்னிரண்டு வெள்ளிக்குப் புறப்பட்ட கப்பல்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கில் சாக்குகளுக்கு மார்க்கா போடுவது மொய்துவின் வேலை. தகரத் தகட்டில் எழுத்துகளை வெட்டி, அந்தத் தகட்டைச் சாக்கின்மேல் வைத்துக் கறுப்பு மையைத் தேய்ப்பார். 1941இல் பதினேழு வயதில் சேர்ந்தவர், 1967 மார்ச் வரை அந்த ஒரே கிடங்கில் இருந்தார். பக்கத்திலேயே தராசு. தராசில் நின்றவர் கபீர், மொய்துவைவிட மூன்று வயது மூத்தவர். கபீர் எடையைக் கூவுவார், மொய்து அதைச் சாக்கில் போடுவார். ஒரு நாளைக்கு இருநூறு சாக்கு என்றால் இருநூறு தடவை ஒருவர் குரல் மற்றவர் காதில் விழும். 1954இல் அடுக்கி வைத்த அட்டி சரிந்து மூட்டைகள் இடது காலில் விழுவதற்கு முன்பு கபீரும் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்தான். அதற்குப் பிறகு அந்தக் காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் மொய்து மிச்சத் தகரத்தில் எதையாவது வெட்டிக்கொண்டிருப்பார். யானை, படகு, குடை பிடித்த ஆள். "இன்னிக்கு என்னடா வெட்டுறே?" என்று கபீர் கேட்காத நாளே கிடையாது.

உருவங்களின் கையும் காலும் அசையும்படி ஆணி அடித்து இணைக்கத் தொடங்கியபோதுதான் மொய்துவுக்கு அந்த யோசனை வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வேலை தொடங்க அரைமணி நேரம் இருக்கும். மிளகு அறை இருட்டு. அதற்கு முற்றத்தைப் பார்த்து ஒரு சின்ன ஜன்னல் உண்டு. முற்றத்தில் ஒரு கண்ணாடியை வைத்து வெயிலை ஜன்னலுக்குள் திருப்பினால், உள்ளே கட்டிய வெள்ளை வேட்டியில் குச்சியில் பிடித்த தகர உருவங்கள் நிழலாக நடக்கும். பாய்க்கப்பல் ஒன்று மிளகு ஏற்றிக்கொண்டு கொச்சியை விட்டுப் போகிறது. மாலுமி, பூனை, கப்பலில் சோறாக்கும் பண்டாரி. கதையைப் பன்னிரண்டு துண்டாகப் பிரித்து ஒரு அட்டையில் எழுதி, கபீரிடம்தான் முதலில் காட்டினார். பன்னிரண்டாவது வெள்ளி கப்பல் கரை சேரும். அதற்கான துறைமுகத்தையும் அப்போதே வெட்டி வைத்துவிட்டார்.

வெயில் நகர நகரக் கண்ணாடியையும் திருப்ப வேண்டும். அதற்குப் பொறுமையான ஆள் வேண்டும்.

"நான் பிடிக்கிறேன்டா," என்றார் கபீர். "முடிஞ்ச பிறகு எனக்குத் தனியா முதல்லேர்ந்து காட்டிடணும். அது போதும்."

"காட்டாம இருப்பேனா கபீரிக்கா?" என்றார் மொய்து. மூத்தவரை இக்கா என்பது அந்த ஊர் வழக்கம்.

1958 டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை, கப்பல் புறப்பட்டது. முதல் மூன்று வாரம் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். நான்காவது வாரம் பண்டாரி உருவத்தின் காலாணி தளர்ந்துவிட்டது. வேட்டியில் பண்டாரி ஒரு காலை இழுத்துக்கொண்டு நடந்தான். மூட்டை தூக்கும் இசக்கிமுத்து, "ஏலே, நம்ம கபீர் பாய்லே!" என்று கத்தினான். அறை முழுக்கச் சிரிப்பு. மிளகு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவர்கள் சரிந்து விழுந்து சிரித்தார்கள்.

வெளியே கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்ற கபீருக்கு மொய்துவின் முதுகு மட்டும்தான் தெரியும்; உள்ளே பேசுவது சரியாகக் கேட்காது, சிரிப்புதான் கேட்கும். ஆட்டம் முடிந்ததும் அவர் முகமெல்லாம் மலர, "என்ன சிரிப்புடா! முற்றத்துப் புறாவெல்லாம் பறந்து போச்சு," என்றார்.

ஆணியை இறுக்கச் சுத்தியலால் ஒரு தட்டுப் போதும். சுத்தியல் மொய்துவின் மடியிலேயே இருந்தது. அடுத்த வாரமும் இருந்தது. ஒன்பதாவது வாரம் மனது கேட்காமல் ஆணியை இறுக்கிவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்கினார். பண்டாரி நேராக நடந்தான். அறை சத்தமில்லாமல் கிடந்தது.

"என்ன பாய், பண்டாரிக்குக் கால் சொகமாயிட்டாக்கும்?" என்றான் இசக்கிமுத்து. "பழைய நடையைக் காட்டும். இல்லன்னா நான் வெளிய போயி ஒரு பீடியாவது குடிப்பேன்."

அடுத்த வெள்ளி காலையில் மொய்து ஒரு ஆணி முனையால் அந்தக் காலை நெம்பித் தளர்த்தினார். தானாகத் தளர்ந்ததை விட்டுவைத்தது ஒன்று, தன் கையாலேயே தளர்த்தியது வேறொன்று. அந்த வித்தியாசம் அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருந்தது.

பன்னிரண்டாவது வெள்ளி வந்தது. அறையில் அறுபது பேர். கப்பல் கரை சேர வேண்டிய நாள் அது. கரை சேர்ந்தால் கதை முடியும். முடிந்தால் கபீருக்கு முதலிலிருந்து காட்ட வேண்டும். மொய்து துறைமுகத்தை எடுக்கக் கையை நீட்டி, பக்கத்திலிருந்த புயல் மேகத்தை எடுத்தார். கப்பல் நடுக்கடலுக்குத் திரும்பிப் போனது.

அதன்பின் நான்கு தடவை அந்தக் கப்பல் கரையை நெருங்கிவிட்டுத் திரும்பியது. நோன்புக்கும் பெருநாளுக்கும் ஐந்து வெள்ளிகள் விட்டுப் போயின. மழைக்கு மூன்று மாதம் கண்ணாடி ஓய்வெடுத்தது. செப்டம்பர் 4 அன்று மறுபடியும் பாய் விரித்தார்கள். கிடங்கு வாசலில் சாயாக்கடை வைத்திருந்த நாணு தினமும் கேட்பான்: "எந்தா மொய்துக்கா, கப்பல் இந்த வருஷமாவது கரை அடையுமோ? மிளகெல்லாம் புழுத்துப் போயிருக்குமே!"

கபீர் தராசை விட்டு நடக்கும்போதெல்லாம் யாராவது "பண்டாரி வர்றாரு" என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். ஒருநாள் கபீரே கேட்டார்.

"என்னை எதுக்குடா பண்டாரிங்கிறாங்க?"

மொய்து தகட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க நல்லாச் சமைப்பீங்கன்னு நான்தான் சொல்லி வச்சேன் கபீரிக்கா."

அடுத்த வெள்ளி கபீர் ஒரு பெரிய பானையைத் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார். கப்பைக் கிழங்கும் மீன் குழம்பும். விடியற்காலையில் எழுந்து அவரே ஆக்கியது. "வீட்டுக்காரி சுலைஹாவை அடுப்புக்கிட்ட விடல. பண்டாரின்னு பேர் வச்சாச்சு, பேரைக் காப்பாத்தணுமில்ல?" என்று ஒவ்வொருவருக்கும் அவரே பரிமாறினார். காலை இழுத்து இழுத்து வரிசையாக நடந்து பரிமாறினார். ஆட்கள் குனிந்து சாப்பிட்டார்கள், தோள்கள் மட்டும் குலுங்கின. மொய்துவின் இலையில் இரண்டு துண்டு மீன் கூடுதலாக விழுந்தது.

அன்று மொய்துவின் வீட்டில் மனைவி ரபியா சோற்றைப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்ப முடிச்சிடுங்களேன்."

"முடிச்சா அவருக்குக் காட்டணும்."

"ஆணியை இறுக்கிட்டுக் காட்டுங்க."

"தனியாக் காட்டினாலும் அவனுங்க எட்டிப் பாப்பானுங்க. இறுக்கிட்டா, எங்கே நடைன்னு கேப்பானுங்க. அவர் முன்னாலேயே கேப்பானுங்க."

"அப்போ எவ்வளவு நாளைக்கு?"

மேலும் எட்டு வாரம் கப்பல் கடலிலேயே கிடந்தது.

1959 டிசம்பர் 11, முப்பத்தாறாவது ஆட்டம். வானத்தில் மேகமே இல்லை. ஒரு வருஷமாகக் கண்ணாடி பிடித்த கபீருக்கு வெயில் நகரும் கணக்கு அத்துப்படியாகியிருந்தது. இரண்டு செங்கல்லை வைத்துக் கண்ணாடியைச் சாய்த்துவிட்டால் ஐந்து நிமிடம் தாங்கும் என்று கண்டுபிடித்திருந்தார். ஒரே ஒரு துண்டையாவது பார்த்துவிடலாமென்று உள்ளே வந்தார்.

இருட்டில் அவர் வந்தது யாருக்கும் தெரியவில்லை. வேட்டியில் பண்டாரி காலை இழுத்துக்கொண்டு போக, அறை சிரித்தது. "அய்யோ கபீர் பாய், பாத்து! கடல்ல விழுந்துராதேயும்!" என்று இசக்கிமுத்து கூவித் திரும்பியபோது, கபீர் அவன் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சிரிப்பு முன் வரிசையில் இன்னும் கொஞ்ச நேரம் ஓடி, பிறகு அங்கேயும் நின்றது.

வெளியே வெயில் நகர்ந்தது. வேட்டியின் ஓரத்திலிருந்து வெளிச்சம் கழன்று, கப்பலும் பண்டாரியும் அரைகுறையாக மறைந்து, கடைசியில் ஒன்றும் தெரியாமல் போயிற்று. மொய்து கையில் குச்சிகளோடு நின்றார். வேட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு காலை இழுக்கும் ஓசை வாசலை நோக்கிப் போனது.

கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் திரும்பி வந்தது. கபீர் முற்றத்தில் நின்று கண்ணாடியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உன் ஆட்டத்தை முடிடா," என்றார் ஜன்னல் வழியாக.

மொய்துவால் ஒரு குச்சியைக்கூடத் தூக்க முடியவில்லை. ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

அடுத்த ஏழு நாள் கபீர் எடையை மட்டும் கூவினார். எட்டாம் நாள், டிசம்பர் 19, மொய்து மைத் தூரிகையை வைத்துவிட்டு, "நாளைக்கு ஞாயிறு, கிடங்குல யாரும் இருக்க மாட்டாங்க. நான் சொன்னபடி காட்டிடுறேன்," என்றார்.

"கண்ணாடி யார் பிடிப்பா?"

"இசக்கிமுத்து."

கபீர் வந்தார். தனியாக ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். மொய்து முந்தின இரவே ஆணியை இறுக்கியிருந்தார். முதல் மூன்று துண்டு ஓடியது. நான்காவதில் பண்டாரி நிமிர்ந்து நடந்து வந்தான்.

"நிறுத்து," என்றார் கபீர். "இந்த இடத்துலதான் முதல்ல சிரிச்சாங்க. புறா பறந்த அன்னிக்கு. அவங்களுக்குக் காட்டினபடியே எனக்கும் காட்டு."

மொய்து குச்சியை இறக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஆணியை நெம்பினார். முன்பு ஒரு நிமிடத்தில் செய்த வேலைக்கு இப்போது ஐந்து நிமிடம் பிடித்தது. பண்டாரி காலை இழுத்துக்கொண்டு நடந்தான். வெளியே கண்ணாடி பிடித்தவன் கை நிலைக்கவில்லை போலிருக்கிறது, கடல் முழுவதும் நடுங்கியது. கபீர் சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை.

புயலெல்லாம் விட்டுவிட்டு மொய்து பன்னிரண்டாவது துண்டுக்கு வந்தார். ஒரு வருஷமாகப் பெட்டியின் அடியில் கிடந்த துறைமுகத்தை அன்றுதான் முதன்முதலாக எடுத்தார். கப்பல் கரையைத் தொட்டது. மாலுமி இறங்கினான், பூனை குதித்தது, கடைசியில் பண்டாரி பலகையில் காலை இழுத்துக்கொண்டு இறங்கி ஊருக்குள் போனான்.

"இவ்வளவுதான் கபீரிக்கா."

கபீர் எழுந்து மடியில் ஒட்டிய மிளகுத் தூசியைத் தட்டினார். "நல்லா இருக்கு. பன்னிரண்டுலேயே காட்டியிருக்கலாம்."

மன்னிப்புக் கேட்க மொய்து வாயைத் திறந்தபோது அவர் வாசலைத் தாண்டியிருந்தார்.

அதற்குப் பிறகு நிழலாட்டம் நடக்கவில்லை. கபீர் 1964 வரை தராசில் நின்றார். சில மாதத்தில் பழையபடி பேசவும் தொடங்கினார். 1962இல் மொய்துவின் மகள் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஆனால் கிடங்கில் புதிய ஆட்கள்கூட அவரைப் பண்டாரி என்றுதான் அழைத்தார்கள், ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது. மொய்து சாப்பாட்டு நேரத்தில் மறுபடியும் தகரம் வெட்டினார். யானை, படகு, பேரப் பிள்ளைகளுக்குப் பட்டாம்பூச்சி. நாலடி தள்ளி உட்கார்ந்து சோறு தின்ற கபீர், என்ன வெட்டுகிறாய் என்று ஒருநாளும் கேட்கவில்லை.