அழித்தாலும் திரும்பி வந்த வியூ

யாரோ எனக்குக் குழி தோண்டுகிறார்கள் என்று நான் முடிவு செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கம்பித் தொழிற்சாலையின் சர்வர் அறையில். ஏசி உச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கோ சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி: லாரி டேபிளை மாற்ற முடியாது, வேறொன்று அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. போன மாதமும் இதே வரிதான் வந்தது. அந்த வேறொன்றை என் கையாலேயே அழித்திருந்தேன். அழித்தது திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். உள்ளே வருகிற லாரி, அதில் ஏற்றுகிற கம்பி, எடைமேடையில் காட்டுகிற எடை எல்லாம் ஒரு டேட்டாபேஸில், டேபிள் என்று சொல்லும் அட்டவணைகளில் பதிவாகும். அதன் அமைப்பில் எதையாவது மாற்ற வேண்டுமென்றால் நினைத்தபோது கையை விட்டுக் கிளறக்கூடாது. செய்ய வேண்டிய கட்டளைகளை ஒரு ஸ்கிரிப்டாக எழுதி, சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பி, அவர்கள் சரி என்ற பிறகு, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷின்கள் நிற்கும் நேரத்தில் வரிசைப்படி ஓட்ட வேண்டும். இதற்குப் பெயர் ரிலீஸ் அல்லது டெப்ளாய்மென்ட்; பாதியில் நின்றால் மறுபடி ஓட்டுவது அடுத்த மாதம்தான். வரிசைதான் இதில் முக்கியம். ஒன்றை நம்பி இன்னொன்று நிற்கும். டேபிள் என்பது சுவர் என்றால், வியூ அதில் வைத்த ஜன்னல். தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாது, சுவருக்குப் பின்னால் இருப்பதைக் காட்டும், அவ்வளவுதான். ஆனால் சில ஜன்னல்களைச் சுவரோடு சேர்த்து இறுக்கிவிட்டிருப்பார்கள். அப்படிப்பட்டதைக் கழற்றாமல் சுவரில் ஒரு செங்கல்லைக்கூட அசைக்க முடியாது.

எனக்கு வந்த வேலையோ அற்ப வேலை. டிரெய்லர் வண்டிகளுக்கு இழுக்கும் பகுதிக்கு ஓர் எண், பின்பகுதிக்கு ஓர் எண். இரண்டையும் சேர்த்து எழுத லாரி டேபிளில் இடம் போதவில்லை, கொஞ்சம் அகலப்படுத்த வேண்டும். முதல் மாதம் ஓட்டினேன், பாதியில் நின்றது. ஏதோ ஒரு பழைய வியூ டேபிளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் வைத்திருக்கும் எந்த ஸ்கிரிப்டிலும் அது இல்லை. விசாரித்த வரையில் யாருக்கும் தேவையும் இல்லை. சோதனைக்கு வைத்திருக்கும் நகலில் அது இல்லாததால் அங்கே எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடியிருந்தது. அனுமதி கேட்டு அழித்தேன். அடுத்த மாதம் தைரியமாக ஓட்டினேன். அதே வியூ, அதே பிடி.

தலைமை அலுவலகத்தில் எங்கள் ஸ்கிரிப்டுகளைச் சரிபார்க்கும் மேடம் என்னைவிட வயதில் சின்னவர். யாரையும் திட்ட மாட்டார். அதுதான் எனக்குப் பயம். அன்று போனில் கூப்பிட்டார்.

“சார், போன தடவையே ட்ராப் பண்ணிட்டேன்னு மெயில் போட்டிருந்தீங்களே?”

“பண்ணேன் மேடம்.”

“அப்ப இது எப்படி?”

“வந்திருக்கு மேடம்.”

“தானாவா சார்?”

அந்த ‘தானாவா’வுக்கு நாலு திட்டு வாங்கியிருக்கலாம். பிறகு அதே மெல்லிய குரலில் சொன்னார். “அடுத்த மாசமும் நின்னா டெப்ளாய்மென்ட்டை நாங்களே இங்கேர்ந்து பண்ணிக்கிறோம் சார். உங்களுக்கு ஓசூர் பிளான்ட்ல ஒரு இடம் இருக்காம். மேனேஜர் சொல்லிடச் சொன்னாரு.”

ஓசூருக்கும் எனக்கும் பகை ஒன்றும் இல்லை. ஆனால் மனைவி புதுவாயலில் தையல் கடையை இப்போதுதான் பெரிதாக்கியிருந்தாள், மகள் பன்னிரண்டாம் வகுப்பு. நான் மட்டும் ஓசூரில் ஓர் அறை எடுத்து, கெட்டிலில் முட்டை வேகவைத்துக்கொண்டு, சனிக்கிழமை பஸ்ஸில் ஜன்னலோரம் பிடிக்க ஓடுகிற காட்சி கண்முன் வந்தது. அன்றே வியூவை மறுபடி அழித்தேன். அதோடு மனிதர்களைச் சந்தேகிக்கத் தொடங்கினேன்.

முதல் ஆள் ஸ்டோர்ஸ்காரர். பல வருடமாக என்னோடு டீ குடிப்பவர். பழைய காலத்தில் டேட்டாபேஸ் கடவுச்சொல் என்னைத் தவிர அவருக்கு மட்டும்தான் தெரியும். எதற்கெடுத்தாலும் சிரிப்பார். இவ்வளவு சிரிக்கிற மனிதனுக்கு உள்ளே ஏதோ இருக்க வேண்டும் என்று தோன்றியது. அவர் வந்தால் திரையைப் பூட்டினேன். டீக்குப் போகும்போது லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். டீக்கு மட்டுமல்ல.

“இன்னா தலைவரே, டாய்லெட்டுக்கே லேப்டாப் எட்துக்கினு போறியாமே. உள்ள இன்னா ரிலீஸ் பண்ற?” என்றார், கேன்டீன் முழுக்கக் கேட்கும்படி.

பாருங்கள், என் நடமாட்டத்தைக் கவனிக்கிறார். சந்தேகம் உறுதியானது. ரிலீஸ் தேதி மாறிவிட்டதாக அவரிடம் மட்டும் ஒரு பொய்யைச் சொல்லி வைத்தேன், வலையில் விழுகிறாரா பார்ப்போம் என்று. அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் பாதி வடையைப் பிய்த்து என் தட்டில் வைத்தார். இது இன்னும் மோசம். குற்றவாளிகள்தான் வடை கொடுப்பார்கள்.

இரண்டாவது ஆள் அந்த மேடமேதான். சென்னையிலிருந்து வியூவைப் போட்டுவிட்டு, “தானாவா சார்?” என்று கேட்டு, என்னை ஓசூருக்கு அனுப்புகிற திட்டம். மூன்றாவதாக நானே என் மேல் சந்தேகப்பட்டேன். தூக்கத்தில் எழுந்து போட்டுவிடுகிறேனோ?

“நீ தூக்கத்துல எழுந்துட்டாலும்!” என்றாள் மனைவி. “பக்கத்து ஊட்டுல கல்யாண மேளம் அடிச்சப்பவே குறட்ட உட்டுக்கினு இருந்த ஆளு.”

பிறகு நான் செய்த காரியத்துக்கு நியாயம் கிடையாது. ஒவ்வொரு வியூவும் தான் உருவான தேதியைத் தன்னோடு வைத்திருக்கும். இரண்டாவது தடவை அழிக்கும் முன் அந்தத் தேதியைப் பார்த்து வைத்திருந்தேன். அதைச் சொல்லி, அன்றைக்கு வீட்டுக்கு யாராவது வந்தார்களா, என் லேப்டாப்பை யாராவது தொட்டார்களா என்று மனைவியைக் குறுக்கு விசாரணை செய்தேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்க்கப் போனாள். கிழித்த தாள்களை ஓர் ஆணியில் குத்தி வைப்பது அவள் வழக்கம்.

“யோவ், அன்னிக்கு அமாவாசய்யா. நீ பழவேற்காட்டு எறா வாங்கியாந்து, நான் இன்னிக்கு ஆக்க மாட்டேன்னு சொன்னதுக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருந்தியே, அதே நாளு.”

இறால் நினைவுக்கு வந்தது. நல்ல பெரிய இறால். மறுநாள் சமைத்ததில் ருசி குறைந்திருந்தது. அமாவாசை என்றதும் முதலில் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அழித்த பொருள் அமாவாசையன்று எழுந்து வருகிறதென்றால் அதற்குப் பெயர் தொழில்நுட்பக் கோளாறு இல்லை. அடுத்த அமாவாசை எப்போது என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை என்றாள். ரிலீஸ் அதற்கடுத்த ஞாயிறு.

படித்தவன், பட்டம் வாங்கியவன், டேட்டாபேஸ் பார்ப்பவன். மறுநாள் காலை சர்வர் மேல் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். மதியம் போய்ப் பார்த்தால் பழத்தைக் காணோம். கேன்டீனில் ஸ்டோர்ஸ்காரர் லெமன் டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஷிப்ட் பஸ்கள் வரும் முன்பே போய்த் திரை முன்னால் உட்கார்ந்துவிட்டேன். டேட்டாபேஸில் இருக்கும் வியூக்களின் பட்டியலைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தேன். அது இல்லை. இல்லை. இல்லை. கண் எரிந்தது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அழுத்தினேன். இருந்தது.

நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன். அப்படியே ஓடிவிட எண்ணம், ஆனால் ஓடினால் ஓசூர் வரைக்கும் ஓட வேண்டும். இந்த நிமிடத்தில் டேட்டாபேஸுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று தேடினேன். ஸ்டோர்ஸ்காரர் இல்லை. மேடம் இல்லை. கடைசியாக ஒரு கணினியின் பெயர் நின்றது. எடைமேடைக்குப் பக்கத்தில் கேட்டில் இருந்த பழைய கணினி. புதியது வந்தபோது கணக்கிலிருந்து நீக்கப்பட்டது, பழைய இரும்போடு போய்விட்டது என்று நான் நம்பியிருந்தது. செத்துப்போன கணினி, அமாவாசையன்று, என் டேட்டாபேஸுக்குள். இந்த முறை லேப்டாப்பை எடுத்துக்கொள்ளாமலேயே டாய்லெட்டுக்குப் போய்விட்டு, பிறகு கேட்டுக்கு நடந்தேன்.

கேட் அறைக்குள் கற்பூரப் புகை. மூலையில் ஒரு ஸ்டூல் மேல் அந்தப் பழைய கணினி, தலையில் சாமந்தி மாலை, நெற்றி என்று சொல்லத்தக்க இடத்தில் சந்தனமும் குங்குமமும். திரை பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. காக்கிச் சட்டையில் செக்யூரிட்டி அக்கா தட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஆரம்பாக்கத்திலிருந்து வருபவர், கேட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். சுற்றிப் போட வாங்கிய பூசணிக்காயோடு ஒரு லாரி டிரைவர் வாசலில் நின்றிருந்தார்.

“வா சார், கரெக்டா தான் வந்துக்கீற. துண்ணூறு இட்டுக்கோ.”

“அக்கா, இது ஸ்கிராப்புக்குப் போயிடுச்சுன்னு இல்ல நெனச்சேன்.”

“ஸ்கிராப்பா? வாயக் கழுவு சார். இது இருந்த வரைக்கும் இந்த கேட்டுல ஒருத்தனுக்கு ஒரு கீறல் கெடையாது. புதுசு வந்த அன்னிக்கே ஒரு டிரெய்லர்காரன் கம்பத்துல இட்சிட்டுப் பூட்டான். அதான் ராசியான பொட்டின்னு மூலையில குந்த வெச்சிக்கினோம்.”

“சரிக்கா. பூசைக்கு எதுக்கு ஆன் பண்றீங்க?”

அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “பின்ன? செத்த பொணத்துக்கா கற்பூரம் காட்டுவாங்க? அது கண்ணத் தொறந்து பாக்க வாணாமா?”

கணினியின் பின்னால் நீல வயர் சொருகியிருந்தது. வயர் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்ததாம், ஓட்டை காலியாக இருந்ததாம், சொருகிவிட்டார்களாம். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பழைய எடைமேடை நிரலை எழுதியவன் யாரோ ஜாக்கிரதையானவன். கணினி விழித்ததும் அது தன் வியூ இருக்கிறதா என்று பார்க்கும், இல்லாவிட்டால் உண்டாக்கிக்கொள்ளும். மாதத்துக்கு ஒருமுறை இவர்கள் எழுப்பினார்கள். எழுந்தது, பார்த்தது, காணோம், போட்டுக்கொண்டது. அவ்வளவுதான் என் செய்வினை.

வெற்றிக் களிப்பில் குனிந்து அந்த நீல வயரைப் பிடுங்கினேன்.

திரையில் பெரிதாக ஒரு பெட்டி எழுந்தது. சிவப்பு வட்டம், நடுவில் பெருக்கல் குறி. அக்காவின் கையில் தட்டு ஆடியது.

“ஐயய்யோ, பூச நேரத்துல செவப்பு காட்டுதே! இன்னா சார் பண்ண?”

“நான் இப்ப வண்டிய எடுக்கறதா வாணாமா?” என்றார் டிரைவர், பூசணிக்காயைக் கீழே வைத்துவிட்டு.

“ஒண்ணுமில்லக்கா, வயரு...”

“நீ வயரு புடுங்கிட்டுப் பூடுவ. அப்பால இந்த கேட்டுல யாருக்கு இன்னா ஆனாலும் உன் பேரு தான் சார் அடிபடும்.”

வயரைச் சொருகி, கணினியை மறுபடி எழுப்பி, சிவப்பு மறைந்த பிறகுதான் டிரைவர் பூசணிக்காயை எடுத்தார். நான் திருநீறு இட்டுக்கொண்டு திரும்பினேன்.

வேறு வழிகளை யோசித்தேன். அந்தக் கணினி பயன்படுத்தும் கடவுச்சொல்லைத் தடுக்கலாம். ஆனால் புதிய கணினிக்கும் அதே கடவுச்சொல், தடுத்தால் லாரிகள் நெடுஞ்சாலை வரை நிற்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் வியூவை அழித்துவிட்டு ஓட்டிவிடலாம். ஆனால் அடுத்த அமாவாசைக்கு அது எழும், அதற்கடுத்த மாற்றத்தில் நான் மறுபடி மாட்டுவேன். கடைசியில் இதுவரை செய்யாததைச் செய்தேன். அந்த வியூவை நம் வீட்டுப் பிள்ளையாக ஸ்கிரிப்டிலேயே சேர்த்துக்கொண்டேன். முதலில் வியூவைக் கழற்று. அடுத்து டேபிளை அகலப்படுத்து. பிறகு வியூவை மறுபடி மாட்டு. இனி பழைய கணினி விழிக்கும்போது ஜன்னல் அதன் இடத்தில் இருக்கும், அதற்கு வேலை இருக்காது. சோதனை நகலிலும் வியூவைப் போட்டு, ஓட்டிப் பார்த்து, சென்னைக்கு அனுப்பினேன்.

மாலையில் மேடம் கூப்பிட்டார்.

“சார், மூணாவது ஸ்டெப்ல வியூவைத் திரும்ப கிரியேட் பண்றீங்களே. யாருமே யூஸ் பண்றதில்லன்னு சொன்னீங்க?”

“ஒருத்தர் யூஸ் பண்றாங்க மேடம். கேட்டுல.”

“எவ்ளோ அடிக்கடி?”

“மாசம் ஒரு தடவை.”

“எந்தத் தேதி?”

“மாறும் மேடம்.”

“மாறும்னா?”

பொய் சொன்னால் மாட்டுவேன், உண்மையைச் சொன்னால் ஓசூரில்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லிவிட்டேன். மாலை, சந்தனம், பூசணிக்காய், நீல வயர், எல்லாவற்றையும். எலுமிச்சம்பழத்தை மட்டும் விட்டுவிட்டேன். மனதுக்குள் கெட்டிலில் முட்டையைப் போட்டேன்.

“சார்,” என்றார் கடைசியில், குரலை இன்னும் தாழ்த்தி. “எங்க மேனேஜர் அஷ்டமி, நவமிக்கு ரிலீஸ் வைக்க விட மாட்டாரு. மெயில்ல மட்டும் சர்வர் மெயின்டெனன்ஸ்னு போடுவோம். நீங்களும் அமாவாசைன்னு எழுதிடாதீங்க. கேட்டுல பழைய அப்ளிகேஷன் ஒண்ணு இருக்குன்னு எழுதுங்க. அப்ரூவ் பண்ணிடறேன்.”

ஞாயிற்றுக்கிழமை மூன்று படிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி முடிந்தன. சிவப்பு எழுத்து வரவில்லை. ஓசூர் பேச்சும் அதற்குப் பிறகு வரவில்லை. ஸ்டோர்ஸ்காரருக்கு ஒரு வடை கடன்பட்டிருந்தேன், வாங்கிக் கொடுத்தேன். “எலுமிச்சம்பழம் ஒண்ணு கெடைக்குமா தலைவரே?” என்றார். தெரிந்துதான் கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா, இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

அடுத்த அமாவாசைக்கு யாரும் கூப்பிடாமலேயே கேட் அறைக்குப் போனேன். அக்கா கணினியை எழுப்பினார். மாலைக்கு நடுவே திரை மெதுவாக வெளுத்தது. என் கைபேசியில் வியூவின் பிறந்த தேதியைத் திறந்து வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைத் தேதிதான், மாறவில்லை. புதுப்பித்தேன், மாறவில்லை. மறுபடி புதுப்பித்தேன்.

“போன உள்ள வை சார்,” என்றார் அக்கா, கற்பூரத்தை ஏற்றிக்கொண்டே. “கண்ண மூடிக் கும்புடு.”

கைகூப்பினேன். கண்ணை மூடினேன். ஒன்றை மட்டும்.