ஜப்பான் உபதேசியாரின் மனைவி

இலங்கையின் மலையூரான பதுளையில் வேதமுத்து உபதேசியார் என்றால் சிலருக்குத்தான் தெரியும். ஜப்பான் உபதேசியார் என்றால் கடைத்தெருவே கை காட்டும். ஜப்பானை அவர் கண்ணால் கண்டதில்லை. பாளி படிக்க வந்து விகாரையில் தங்கியிருந்த ஒரு ஜப்பான் பிக்குவோடு பேசிப் பழகினார். பாதிரியாரின் அலமாரியிலிருந்த திருச்சபை வரலாறுகளைக் கரைத்துக் குடித்தார். அதற்குப் பிறகு ஆளைப் பிடிக்க முடியவில்லை. சீனத்துக்கு வேதம் போன வழி, ஜப்பான்காரர் புத்தரைக் கும்பிடும் முறை என்று சோற்றில் கை வைத்தபடியே பேசுவார். குழம்பு ஆறிப்போகும். மனைவி நல்லம்மா வாயைப் பிளந்து கேட்பாள். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவளுக்கு இப்படியொரு புருஷன் வாய்த்ததில் பெருமை தாங்கவில்லை.

அவளுக்கு மிகவும் பிடித்தது, ஒளிந்து வாழ்ந்த ஜப்பான் கிறிஸ்தவர்களின் கதை. வேதத்துக்குத் தடை வந்த காலத்தில், கையில் பிள்ளை ஏந்திய கன்னோன் என்ற கருணைத் தெய்வத்தின் சிலையை வைத்துக்கொண்டு, மனதுக்குள் மரியாளைக் கும்பிட்டவர்கள். தலைமுறை தலைமுறையாய் வாய் திறக்கவில்லை என்று சொல்லும்போது உபதேசியார் எச்சில் கையோடு எழுந்து நின்றுவிடுவார்.

அதைக் கண்டுதான் நல்லம்மா ஏமாந்தாள். "எங்க லயத்துலயும் ஒண்ணு இருக்குங்க," என்றாள் ஒரு நாள்.

லயத்து வரிசைவீடுகளில் இருந்தவர்களின் முன்னோர் திருச்சிப் பக்கமிருந்து கப்பலேறியபோது கொண்டுவந்த களிமண் மாதா அது. மஞ்சள் துணி சுற்றி, வேப்பிலை செருகி, பிரசவ வலி கண்டவளின் தலைமாட்டில் வைப்பார்கள். ஆத்தா என்றும் கூப்பிடுவார்கள். ஆண்கள் கண்ணில் படக்கூடாது. சிலையே ஆகாது என்கிற மிஷன் பாதிரியார் காதில் விழவே கூடாது. நல்லம்மா அப்போது முழுகாமல் இருந்தாள். முதல் இரண்டும் பதுளையில் பிறந்து தங்கவில்லை. ஆத்தா பக்கத்தில் இல்லாததுதான் காரணம் என்று நம்பினாள். இந்தத் தடவை தாய்வீட்டில்தான் பெறுவது என்று முடிவு.

"யாருகிட்டயும் மூச்சு விட்டுறாதீங்க."

"எனக்குத் தெரியாதா புள்ள?"

தெரிந்துகொண்டேதான் சொன்னார் மகானுபாவர். கொழும்புக் கல்லூரி ஒன்றில் திருச்சபை வரலாறு நடத்த ஆள் தேடினார்கள். பரீட்சை மாதிரி ஒரு சொற்பொழிவு. எதிரே வெள்ளைக்காரப் பாதிரிமார் உட்கார்ந்திருந்தார்கள். ஜப்பானைக் கேட்டு ஒருவர் கொட்டாவி விட்டார். உபதேசியாருக்குப் பொறுக்கவில்லை. "இதே போல இந்த மலையிலும் உண்டு," என்றார். கொட்டாவி விட்டவர் நிமிர்ந்து உட்கார்ந்து, எந்த இடம் என்று கேட்டார். படித்தவர் ஆதாரமில்லாமல் பேசலாமா? தோட்டம், லயம், மாமியார் வீடு எல்லாவற்றையும் சொல்லித் தொலைத்தார்.

கொழும்பிலிருந்து சேதி எட்டி, அடுத்த ஞாயிறு மிஷன் பாதிரியார் பூனாகலைக்குப் போய், எல்லோர் கண் முன்னாலும் அந்த மண் மாதாவைப் போட்டு உடைத்தார். அந்த லயத்துக்கு இனி நற்கருணை இல்லை என்றும் சொல்லிவிட்டு வந்தார்.

ஒன்றும் அறியாத நல்லம்மா நிறைமாதத்தோடு மாட்டுவண்டியில் போய் இறங்கினாள். அக்கா பாக்கியலெட்சுமி வாசலை மறித்து நின்றாள்.

"ஒம் புருஷன் சொன்னாருன்னு பாதிரியே சொல்லிட்டுப் போறாரு. நீ சொல்லாம அவருக்கு எப்புடித் தெரியும்?"

அம்மா உள்ளேயிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வந்த வண்டியிலேயே நல்லம்மா திரும்பினாள்.

வீட்டில் உபதேசியார் கொழும்புக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். வேலை கிடைத்துவிட்டது. "ஆராய்ச்சிக்குன்னுதான் சொன்னேன். உடைப்பாங்கன்னு கண்டேனா?" என்றார்.

"ஜப்பான்ல அந்தச் சனத்தைக் காட்டிக்குடுத்தது யாருங்க? அதை மட்டும் நீங்க சொன்னதே இல்லையே."

பெட்டிக்குக் கயிறு போடுவதில் அவர் மும்முரமானார்.

பக்கத்து வீட்டு ரஹ்மத்தும்மாதான் பிரசவம் பார்த்தாள். பிள்ளை பிழைத்தது, பெண். பூனாகலைக்குச் சேதி அனுப்பியும் பார்க்க ஒருத்தரும் வரவில்லை. உபதேசியார் வந்தார், கொழும்புக் கோட்டும் தொப்பியுமாக. தொட்டிலைக் குனிந்து பார்த்து, "பேரு வச்சாச்சா?" என்றார்.

"வச்சாச்சு."

"என்ன பேரு?"

நல்லம்மா பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஒங்ககிட்டச் சொல்றதுக்கில்லைங்க."