மாப்பிள்ளை மோதிரமும் ஐந்து பை மண்ணும்

மலேசியாவில் பகாவ் ஊருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் தங்கம் தேடி வந்த எல்லாக் கம்பெனிகளுக்கும் நான் வேலை செய்திருக்கிறேன். மொத்தம் மூன்று. முதல் கம்பெனிக்கு மண் சலித்தேன். இரண்டாவதற்குப் பள்ளம் வெட்டினேன். இப்போது வந்திருக்கும் மூன்றாவதற்கு, முதுகு சொன்ன பேச்சைக் கேட்காத வயதில், வண்டி ஓட்டுகிறேன். இவ்வளவு அனுபவத்தில் தங்கத்தைப் பற்றி நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: விரலில் ஏறினால் இறங்காது.

முதல் கம்பெனி வந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஒன்பது நாள். அப்போது தோட்டம் முழுக்கப் பால்மரம், அதாவது ரப்பர். நிரை நிரையாக நடந்து, கயிறு பிடித்து அளந்து, ஐம்பது காலடிக்கு ஓர் இடத்தில் திருகுக் கம்பியால் துளை போட வேண்டும். ஒரு கை ஆழத்திலிருந்து வரும் சிவப்பு மண்ணை மெல்லிய எஃகுச் சல்லடையில் சலித்து, தூளைக் காகிதப் பையில் போட்டு நம்பர் எழுத வேண்டும். பை லேபுக்குப் போகும். கண்ணுக்கே தெரியாத தங்கத்தையும் லேபில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் வேலையில் கண்டிப்பான சட்டம் ஒன்றே ஒன்று: உடம்பில் பொட்டுத் தங்கம் இருக்கக் கூடாது.

என் விரலிலோ புத்தம் புது மாப்பிள்ளை மோதிரம். அதைப் போட்டுவிட்ட மச்சான், என் மனைவியின் அண்ணன், என் பக்கத்திலேயே நின்று துளை போடுகிறவர்.

“மச்சான், கழட்டி வெச்சிடவா?” என்று கேட்டேன்.

“கழட்டு மாப்ள. அப்படியே என் தங்கச்சியையும் கொண்டாந்து எங்க வீட்ல விட்டுடு.”

அதற்கு மேல் எந்த ஒன்பது நாள் மாப்பிள்ளை கழற்றுவான்? வயருக்குச் சுற்றும் கறுப்பு டேப்பை மோதிரத்தின் மேல் நாலு சுற்றுச் சுற்றினேன். காலையில் எங்களை வேலை வாங்கும் மண்டோர் கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“விரல்ல என்னடா?”

“பால் வெட்டுற கத்தி பட்டுடிச்சுங்க.”

“கத்தியையே தொடாத சோம்பேறி நீ. உன்னை எப்படிடா அது தேடி வந்து வெட்டுச்சு?” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அன்றைக்கு அவர் டேப்பைப் பிரித்துப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மத்தியானம் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டோம். மனைவி எனக்குக் கட்டிக் கொடுத்த முதல் சோறு, நெத்திலி சம்பலோடு. எண்ணெய்க் கையைக் கழுவியதில் டேப்பின் பசை போய்விட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு வந்த மண் ஈரம். சல்லடையில் இறங்கவே இல்லை. விரலால் அழுத்தித் தேய்த்துத் தேய்த்து இறக்கினேன். ஐந்து இடம், ஐந்து பை. லோரி வந்து நின்றபோதுதான் விரலைப் பார்த்தேன். டேப் எங்கேயோ போயிருந்தது. மோதிரத்தில் செதுக்கியிருந்த என் பெயரின் முதல் எழுத்தில் பாதியைக் காணவில்லை.

லோரியில் மச்சான் குனிந்து பார்த்தார். “என்ன மாப்ள, பாலீஷ் போட்டியா? இப்பத்தான் கடையில பாத்த மாதிரி இருக்கு.”

நான் சிரித்துவைத்தேன். மண்டோரிடம் சொல்லி ஐந்து பையையும் கொட்டிவிட்டு மறுநாள் திரும்ப எடுத்திருக்கலாம். சொன்னால் வேலை போகும். கல்யாணமான பத்தாம் நாள் வேலை போனவன் என்று மாமனார் வீட்டில் பேர் வாங்க வேண்டும். ஒரு மோதிரத்திலிருந்து அப்படி என்ன கொட்டிவிடப் போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தேற்றிக்கொள்வதில் நான் அப்போதே கெட்டிக்காரன்.

அந்தக் கம்பெனி ஒரு ரிப்போர்ட் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டது. பல வருடம் கழித்து அந்த ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு இரண்டாவது கம்பெனி வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு பள்ளம் வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன். களிமண்தான் வந்தது. தங்கம் இன்னும் ஆழத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர்களும் போனார்கள். இடம் எனக்கு ரொம்பப் பழகிய இடமாகத்தான் தெரிந்தது. ஆனால் வரைபடத்தை அவர்கள் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது தோட்டத்தில் பால்மரம் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. மூன்றாவது கம்பெனியின் ஜியாலஜிஸ்ட் ஒரு பெண். மம்பா என்ற ஊரில் வளர்ந்தவர். நான் மேடம் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். இரண்டு வருடம் அட்டைக்கடியோடு மலையேறி, ஓடைக்கு அந்தப் பக்க மேட்டில் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். யாரோ எப்போதோ தோண்டிப் போட்ட பழைய லம்பச் சுரங்கக் குழிகளுக்கு மேலே வெள்ளைக்கல் பட்டை பட்டையாக ஓடும். அதில் பாசி பிடித்த மாதிரிப் பச்சை. அது பாசியில்லை, செம்பின் துரு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். பூமிக்கடியில் கொதித்த தண்ணீர் பாறை வெடிப்புகளில் ஏறி வந்தபோது செம்பையும் தங்கத்தையும் சேர்த்தே கொண்டுவந்து விட்டுப் போயிருக்கிறதாம். அந்த மேட்டில் இயந்திரம் வைத்து ஆழத் துளைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசையெல்லாம்.

ஹெட் ஆபீஸ் ஒரே ஒரு துளைக்குத்தான் சம்மதித்தது. அதையும் மேட்டில் போடாதே, பழைய ரிப்போர்ட் காட்டுகிற இடத்தில் போடு என்றது. அதில் ஒன்றும் வராவிட்டால் கம்பெனி மூட்டை கட்டும். அவருடைய இரண்டு வருட உழைப்பும் அதோடு சரி.

துளை போடும் இயந்திரம் வர இரண்டு நாள் இருந்தது. அன்று காலை வண்டியின் முன்பக்கத்தில் வரைபடத்தை விரித்தார்.

“இதுதாண்ணே எனக்கு மண்டையில ஏறவே இல்ல. மலையில எல்லாக் கோடும் வடக்கு தெக்கா ஓடுது. இது மட்டும் கெழக்கு மேக்கா போவுது. தங்கம் கொட்டிக் கெடக்கு, செம்பு மருந்துக்குக்கூட இல்ல. இது எந்த ஊரு சாமிண்ணே?”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன். ஐந்து சிவப்புப் புள்ளி, ஒரே கோட்டில், பழைய பால்மர நிரை போன பக்கமாகவே. முதல் புள்ளி தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். கடைசிப் புள்ளி லோரி வந்து நின்ற வளைவில். சாப்பாடு முடிந்ததும் தொடங்கி, வேலை விடும் நேரத்துக்குச் சரியாக முடிகிற தங்கம்.

கை தானாகப் பாக்கெட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டது. சொன்னால் மூன்று கம்பெனியை ஏமாற்றியவன். பேசாமல் இருந்தால் இந்தப் பெண்ணின் ஒரே துளை என் மோதிரத்தைத் தேடிக்கொண்டு பாதாளத்துக்குப் போகும். கையை வெளியே எடுத்து வரைபடத்தின் மேல் வைத்தேன்.

“மேடம், இது மலையோட தங்கம் இல்ல. என்னோடது.”

டேப்பிலிருந்து லோரி வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் வண்டியின் பம்பரில் மெல்ல உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கிய விதத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பென்று தெரிந்தது.

“நைன் ஒன் சிக்ஸாண்ணே?”

“ஆமா மேடம். நல்ல கடையில எடுத்தது.”

“ரிப்போர்ட்டுல ‘நம்பிக்கையூட்டும் தங்கம்’னு எழுதியிருக்காங்கண்ணே.”

“எங்க மாமனார் கேட்டா சந்தோஷப்படுவாரு.”

சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “கதை சொன்னா ஹெட் ஆபீஸ் நம்பாதுண்ணே. அந்த அஞ்சு எடத்துலயும் இன்னிக்கே திரும்ப மண் எடுக்கணும். நீங்கதான் எடத்தைக் காட்டணும். மொதல்ல அதைக் கழட்டுங்க.”

கழன்றால்தானே? இத்தனை வருடச் சோறு விரலில் இருந்தது. சோப்பு போட்டோம், எண்ணெய் போட்டோம், அசையவில்லை. கடைசியில், இயந்திரத்துக்காகப் பாதை வெட்டிக்கொண்டிருந்த மச்சானை வரச் சொன்னேன். ஆமாம், அவரும் மூன்று கம்பெனியும் பார்த்தவர். விஷயத்தைக் கேட்டவர் சிரிக்கவில்லை. தைக்கிற நூலை மோதிரத்துக்கு அடியில் விட்டு, விரலில் நெருக்கமாகச் சுற்றி, மெதுவாகப் பிரிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு சுற்றுக்கும் மோதிரம் ஒரு நூல் இறங்கியது.

“அன்னிக்கு லோரியில பாத்தப்பவே எனக்குத் தெரியும் மாப்ள,” என்றார் தலை நிமிராமல்.

“அப்ப ஏன் மச்சான் சொல்லல?”

“போட்டுவிட்டவன் நான்லா. கழட்ட விடாம கிண்டல் பண்ணவனும் நான்தான். எந்த வாயால சொல்றது?”

மோதிரம் அவர் உள்ளங்கையில் விழுந்தது. இவ்வளவு நாளும் நான் தனியாகச் சுமந்ததாக நினைத்திருந்த மூட்டையின் மறுமுனையை ஒருவர் சத்தமில்லாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். ‘தேங்க்ஸ்’ என்று சொல்ல வெட்கமாக இருந்ததால், விரல் வலிக்கிறது என்று திட்டினேன்.

ஐந்து இடத்திலும் மண் எடுத்தோம். லேபிலிருந்து பதில் வரும்வரை இயந்திரம் வந்து சும்மா நின்றது. பதிலில் ஐந்திலும் தங்கம் இல்லை. என் வாழ்க்கையில் இல்லை என்ற சொல்லுக்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. துளையை மேட்டுக்கு மாற்ற ஹெட் ஆபீஸ் ஒத்துக்கொண்டது.

“என் பேரையும் எழுதிட்டீங்களா மேடம்?” என்று கேட்டேன்.

“மோதிரம்னு எழுதினேன். விரல் யாருதுன்னு யாரும் கேக்கலண்ணே.”

இந்த வயதில் என்னை ஒருவர் இவ்வளவு அழகாகக் காப்பாற்றுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மேட்டில் துளை போட்ட நாலாம் நாள், ஆழத்திலிருந்து சாம்பல்நிறக் கல் உருளையாக வந்தது. மேடம் அதில் தண்ணீரை ஊற்றினார். வெள்ளைப் பட்டைக்குள் பித்தளை நிறத்தில் பொடிப்பொடியாக மின்னியது. லென்ஸ் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு லென்ஸை என்னிடம் நீட்டினார்.

“செம்புண்ணே. தங்கம் இருக்கான்னு லேப் சொல்லும். ஆனா இது மலையோடதுதான்.”

இது சுரங்கமாகுமா என்று அவருக்கே தெரியாது. இன்னும் இரண்டு துளைக்குச் சம்மதம் கிடைத்திருக்கிறது. அவருக்கு அது போதும். அவரை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்ட எனக்கும் அது போதும்.

மோதிரத்தை மனைவி தன் சங்கிலியில் கோத்துப் போட்டுக்கொண்டாள். “நீங்க மலைக்குத் தானம் பண்ணது போதும்,” என்றாள். என் விரலில் ஒரு வெள்ளை வளையம் மட்டும் இருக்கிறது. தினமும் காலையில் வண்டியில் ஏறும்போது மச்சான் அந்தக் காலத்து மண்டோர் குரலில், “கைய காட்டுடா,” என்கிறார். நானும் பத்து விரலையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் சாவியைத் திருப்புகிறேன்.