தீராத சோப்பு

கொழுந்தன் மகள் சென்னையிலிருந்து வந்தபோது எனக்கு ஒரு சோப்பு வாங்கி வந்திருந்தாள். பழுப்புத் தாளில் சுற்றிச் சணல் கயிறு கட்டி, பலகாரப் பொட்டலம் மாதிரி இருந்தது. "பெரியம்மா, இப்பல்லாம் பாட்டில் சோப்புக்கு மவுசு போயிடுச்சு. எல்லாரும் கட்டி சோப்புக்கே திரும்பி வந்துட்டாங்க" என்றாள். நான் எங்கேயும் போகவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் அவள் பூதலூரில் ரயில் ஏறிவிட்டாள். வீட்டில் நான் ஒருத்திதான். ஒரு ஆளுக்கு ஒரு கட்டி வெகுநாள் வரும்.

நான் பாட்டில் சோப்பு வாங்காததைச் சிக்கனம் என்று தெருவில் நினைக்கிறார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். அப்பா துபாயில் கட்டட வேலையில் இருந்தார். லீவில் வந்தவர் பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். உள்ளே கொழகொழவென்று இளம்பச்சையாக ஏதோ இருந்தது. மேலே வாத்து மூக்கு போல ஒரு மூடி. மூக்கை அமுக்கினால் ஒரு சொட்டு வரும். தலைக்கு வைக்கிற தைலம் என்று நினைத்து சித்தப்பா உச்சியில் தேய்த்துக்கொண்டார். வெயிலில் போய் வியர்த்ததும் நெற்றியில் நுரை வழிய வந்து நின்றார். அது கை கழுவுகிற சோப்பு என்று அப்பா சொன்னதை அம்மா நம்பவே இல்லை. எங்கள் வீட்டில் சோப்பு என்றால் சிவப்புக் கட்டிதான். அது தேய்ந்து சில்லாகிவிட்டால், புதுக்கட்டியின் முதுகில் ஈரத்தோடு அழுத்தி ஒட்டிவிடுவாள் அம்மா. எந்தச் சோப்பையும் அவள் முழுதாகத் தீர விட்டதாக எனக்கு நினைவில்லை.

அப்பா திரும்பிப் போன சமயம் ஆற்றில் தண்ணீர் வந்து எங்கும் நடவு நடந்துகொண்டிருந்தது. திருக்காட்டுப்பள்ளியில் பஸ் ஏறும்போது நான் அவர் சட்டையை விடவில்லை. அவர் குனிந்து, "அழாதம்மா. அந்தச் சோப்பு தீர்றதுக்குள்ள அப்பா வந்துடுவேன்" என்றார். அம்மாவும் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

சோப்பு தீர்ந்தால் அப்பா வருவார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்படியென்றால் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டியதுதான். கொல்லையில் துணி துவைக்கிற கல்லின் மேல் பாட்டில் இருக்கும். அம்மா வயலுக்குப் போனதும் ஆரம்பிப்பேன். கை கழுவினேன். முழங்கை, முழங்கால் கழுவினேன். சிலேட்டுப் பலகையைக் கழுவினேன். கழுவ எதுவும் மிச்சமில்லாதபோது சித்தப்பா வீட்டுக் கன்றுக்குட்டியையும் விடவில்லை.

"ஏண்டி, கன்னுக்குட்டிக்கு ஃபாரின் சோப்பா?" என்றார் சித்தப்பா. "இது வளந்து கறக்கும்போது பாலே வராது. நுரைதான் வரும்."

இவ்வளவு செய்தும் சோப்பு குறையவில்லை. பாட்டிலில் ஒட்டியிருந்த தாளில் ஒரு பூப்படம் இருந்தது. நான் அமுக்கி அமுக்கிப் பூவுக்குக் கீழே இறக்கி வைப்பேன். அடுத்த முறை பார்க்கும்போது சோப்பு பூவுக்கு மேலே ஏறியிருக்கும். பள்ளிக்கூடத்தில் அட்சய பாத்திரக் கதை சொல்லியிருந்தார்கள். அந்தக் கதையில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு அழுகை வந்தது.

பொங்கலுக்கு வருவார் என்றார்கள். பொங்கல் போயிற்று. ஆறு வற்றி, மறுபடி தண்ணீர் வந்தது. நடவுக்கு வந்த ஒரு அக்கா வரப்பில் நின்று அம்மாவைக் கேட்டாள்: "என்னக்கா, அண்ணன் அங்கயே பட்டா வாங்கிட்டாரா?"

"சோப்பு தீர்றதுக்குள்ள வந்துடுறேன்னு புள்ளைகிட்ட சொல்லிட்டுப் போயிருக்காரு. இன்னும் தீரல" என்றாள் அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். சிரித்துவிட்டுச் சட்டென்று குனிந்து நட ஆரம்பித்தாள்.

மழைக்காகப் பள்ளிக்கூடத்தைச் சீக்கிரம் விட்ட ஒரு நாள் கொல்லைப் பக்கமாக வீட்டுக்குள் வந்தேன். அம்மா களையெடுத்துவிட்டு வந்திருந்தாள். காலில் சேறு அப்படியே இருந்தது. பாட்டிலின் மூக்கைக் கழற்றி, சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மூடிக் குலுக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"ஏம்மா தண்ணி ஊத்துற?"

"தீந்துடும்ல."

"தீந்தாத்தானே..." என்று ஆரம்பித்தேன். அம்மா முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். "போ, போயி கோழிய அடை" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு அவள் மேல் கோபம். அப்பாவை வரவிடாமல் செய்வது இவள்தான் என்று உறுதியாக நம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. அவள் ஊற்றுவாள், நான் அமுக்கிக் கொட்டுவேன். ஒரே வீட்டில் இரண்டு பேரும் இதைப் பற்றிப் பேசாமலே இருந்தோம். பச்சை வெளுத்து, பிறகு நிறமே இல்லாமல் போயிற்று.

அப்பா வந்தார். முன்னறிவிப்பு எதுவும் இல்லை. உச்சி வெயிலில் தெருவில் நடந்து வந்தார். மெலிந்திருந்தார். பெட்டியும் சின்னதாக இருந்தது. அம்மா "வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள். அவர் கொல்லைப்பக்கம் போய்க் கல்லின் மேலிருந்த பாட்டிலை அமுக்கினார். கையைப் பார்த்தார். இன்னொரு தடவை அமுக்கினார்.

"என்ன இது, வெறும் தண்ணியா வருது?"

"இன்னும் தீரலைங்க" என்று அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

அப்பா அந்தத் தண்ணீரையே சோப்பு போல இரண்டு கையிலும் தேய்த்தார். விரலிடுக்கெல்லாம் தேய்த்தார். முதுகைக் காட்டிக்கொண்டு அங்கேயே வெகுநேரம் நின்றார்.

எனக்கு ஒரே குழப்பமாக இருந்தது. சோப்பு தீரவில்லை, அப்பாவோ வந்துவிட்டார். சொன்ன சொல் தவறவில்லைதானே, பிறகு ஏன் யாரும் சிரிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அம்மா குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.