சுவருக்குள் ஒரே குழாய்

அந்தக் கவிதையில் இரண்டு தண்ணீர்க் குழாய்கள் இருந்தன. பளபளவென்று இருந்தது வெள்ளையருக்கு, துருப்பிடித்தது கறுப்பருக்கு. தாகத்தோடு வந்த சிறுமி ஒருத்தி சுவரில் காதை வைத்துக் கேட்கிறாள். உள்ளே ஒரே குழாயில்தான் தண்ணீர் ஓடுகிறது. அவ்வளவுதான் கவிதை.

நோர்வேயில் நாங்கள் இருக்கும் ரொம்மன் பகுதியில் எங்கள் வாசிப்பு வட்டம் மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் கூடும். ஏழெட்டுத் தமிழர்தான். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். மிச்சமெல்லாம் நூலகத்தில் நானாகத் தட்டித் தடவிப் படித்தது. ஆபிரிக்க அமெரிக்கக் கவிஞர்களைப் பற்றிப் பேசும் முறை வந்தபோது, நோர்வேஜிய மொழிபெயர்ப்பிலிருந்து சில கவிதைகளைத் தமிழில் எழுதிக்கொண்டு போனேன். ஒன்றில், எசமானி வீட்டு வெள்ளித் தட்டைத் துடைக்கும் வேலைக்காரி அதில் தன் முகம் தெரிய, அதையும் அழுத்தித் துடைத்துவிடுகிறாள். இன்னொன்றில், ஒரு தாய் அடுப்பில் சூடாக்கிய சீப்பால் மகளின் சுருள்முடியை நீட்டப்போய்க் காதைச் சுட்டுவிடுகிறாள். ஒன்றிலும் ‘அநீதி’ என்ற சொல் இல்லை. பொருளை முன்னால் வைத்துவிட்டுக் கவிஞர் ஒதுங்கிவிடுகிறார். கோபப்படுவது எங்கள் வேலையாகிவிடுகிறது.

இதை எனக்கு விளங்கப்படுத்தியவர் அக்காதான். கூடப் பிறந்தவரல்ல, வட்டத்துக்கு வருபவர். முதியோர் இல்லத்தில் அவர் பராமரிப்பு வேலை, நான் சமையலறை. எதற்கும் அவரிடம் வேலையிடத்துக் கதை ஒன்று இருக்கும். “நோகுது, நோகுது எண்டு கத்திற ஆளிட்டை ஆறுதலாத்தான் போவம், தங்கச்சி. பேசாமல் காலைத் தூக்கிக் காட்டிற ஆளிட்டைத்தான் ஓடுவம்” என்றார். அதையே வட்டத்திலும் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். குழாய்க் கவிதையை வாசித்ததும், “சீ, என்ன மனிசர்!” என்று அமெரிக்காவை ஒரு பிடி பிடித்தார்கள். நானும்தான். அக்கா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: “உள்ளுக்கை ஒரே பைப் எண்டு நல்ல குழாயிலை குடிச்சவைக்குத் தெரியுமோ?”

நான் அவசரமாக அடுத்த கவிதைக்குத் தாளைப் புரட்டினேன்.

வட்டம் முடிந்தால் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டில் தேநீர் குடித்துவிட்டுத்தான் அவர் நகரின் மறுகோடியில் ஹொல்ம்லியாவில் இருக்கும் தன் வீட்டுக்குப் போவார். அன்று வரவில்லை. நிலையம்வரை கூட நடந்தேன். வழியில், “தங்கச்சி, உங்கட வீட்டிலை எல்லாருக்கும் சில்வர் டம்ளர். எனக்கு மட்டும் ஏன் எப்பவும் கடுதாசிக் கப்?” என்று கேட்டார். குரலில் கோபமில்லை. “கழுவ நேரமில்லை, அக்கா” என்றேன். “ஓம், என்ன” என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினார். அதன்பிறகு வட்டத்துக்கு வரவில்லை. வேலையிடத்தில் வணக்கம் மட்டும்.

சாதி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. முதல்முறை அக்கா வந்துபோனதும், என் கணவரின் தாயான மாமி அவருடைய ஊரையும் தகப்பன் பெயரையும் விசாரித்தார். அடுத்தமுறை தட்டில் கடுதாசிக் கப் இருந்தது. அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனது மாமியல்ல, நான். பதினொரு வருடம். நாலு கவிதை மொழிபெயர்த்தும் எனக்கு உறைக்கவில்லை என்று எழுதினால் அதுவும் பொய். தெரிந்துதான் கொண்டுபோனேன்.

மூன்று மாதம் கழித்து, வேலை உடுப்பு மாற்றும் அறையில் அக்காவை மறித்தேன். “கழுவ நேரமில்லை எண்டது பொய், அக்கா.”

சப்பாத்து நாடாவைக் கட்டி முடிக்கும்வரை அவர் நிமிரவில்லை. “அது எனக்குத் தெரியும். நீர் உம்மட வாயாலை சொல்லுவீரோ எண்டதுதான் தெரியேல்லை.” அதுவரை அவருக்கு நான் ‘தங்கச்சி’; என்னை ‘நீர்’ என்று ஒருநாளும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வரும்படி கேட்டேன். “இவ்வளவு நாளும் நான்தானே வந்தனான். நீர் எங்கட வீட்டை ஒருக்காலும் வரேல்லை. முதல் அங்கை வாரும், சனிக்கிழமை. பிறகு பாப்பம்” என்றார்.

சனிக்கிழமை வெளிக்கிடும்போது மாமி கேட்டார்: “எங்கை, பிள்ளை?”

“அக்கா வீட்டை. சாப்பிட்டுத்தான் வருவன்.”

“சாப்பிட்டோ?”

“ஓம், மாமி. சாப்பிட்டு.”

மாமி தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினார். நான் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினேன்.